சக்கரமில்லாத வண்டிக்குப் பூஜை

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கடல் கிடையாது. பெரம்பலூருக்கே ரயில் கிடையாது. பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத் தண்ணீரில் ஓடுகிற ஸ்கூட்டர் ஒன்றைக் குட்டியானை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார் என் மாமா, அம்மாவின் தம்பி. நான் அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா வளைகுடாவில் ஒரு கடற்கரையில் இந்த மாதிரி வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். விடுமுறைக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. பாண்டிச்சேரியில் யாரோ ஓட்டிச் சலித்துப்போன பழைய வண்டியை வாங்கிவிட்டார். ஐப்பசி மழையில் எங்கள் ஏரி நிரம்பிக் கிடந்தது. பொங்கலுக்கு ஏரிக்கரையில் கூடுகிற ஜனங்களை ஏற்றிச் சுற்றிக்காட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். பஞ்சாயத்துத் தலைவரோ, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரியை ஒரு முழுச் சுற்று நிற்காமல் சுற்றிக்காட்டினால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார். சுற்றாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாமாவின் பெட்டி பீரோவுக்கு மேல் கட்டியபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா வண்டிக்குப் பூஜை போட்டாள். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். இதற்குச் சக்கரமே இல்லை. அம்மா கையில் பழங்களோடு வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தாள்.

"குட்டியானைக்கு வச்சிடு. அதானே தூக்கிட்டு வந்துச்சு" என்றார் அப்பா. அப்படியே ஆயிற்று. திருஷ்டியெல்லாம் லாரிக்காரருக்குக் கழிந்தது.

எல்லோரும் சுண்டல் வாங்கப் போன பிறகு நான் மட்டும் வண்டியிடம் நின்றேன். மாமா திரும்பிப் போவதில் எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். வண்டியின் பக்கவாட்டில் சின்ன வட்டமாக ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில் கடுகு நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் மாதிரி இருந்தது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தையெல்லாம் வழித்து, ஓட்டை தெரியாதபடி அழுத்தி அப்பினேன். "சாமி, மாமா போகக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு குங்குமமும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கரையில் நின்றது. மாமா பறந்தார். தண்ணீர் இரண்டாகப் பிளந்து பின்னால் எழும்பியதைப் பார்த்து நான் கத்திய கத்தில் பக்கத்திலிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பாதி ஏரி போனதும் சத்தம் கம்மி, இருமி, நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து மாமா பொத்தானை அழுத்தியதும் கிளம்பியது. மறுபடி நின்றது. கடைசியில் மீன் பிடிக்கிறவர் பரிசலில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தார். சிரிக்காதவர்கள் எங்கள் வீட்டார் மட்டும்தான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன் தம்பி" என்றார் தலைவர்.

"மாப்ள, டிக்கெட்ட கேன்சல் பண்ணாம வச்சிக்க" என்றார் அப்பா.

மறுநாள் காலை மாமா வண்டியை வாசலில் பழைய டயர்கள்மேல் ஏற்றி, மாடு கழுவுகிற ஹோஸை அதில் மாட்டினார். இன்ஜின் சூடாகாமலிருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். கிளப்பினால் ஐந்து நிமிஷம் ஓடும், அப்புறம் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருப்பார்: பிளக், பில்டர், பெட்ரோலில் தண்ணீர், கார்புரேட்டர். ஒவ்வொன்றாகப் பார்த்து, அது குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகே கோடு போட்டு அடிப்பார். நின்றுபோன உடனே பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், நுனி காய்ந்திருந்தது. பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அடியில் தண்ணீர் தங்குகிறதா என்று மறுநாள்வரை காத்திருந்தார். கார்புரேட்டரைப் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய ரப்பர்த் தகட்டை வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடினார்.

டவுனிலிருந்து வந்த பைக் மெக்கானிக், "கார்புரேட்டர் போச்சுங்க. தூக்கிப் போட்டுட்டு வேற மாத்துங்க" என்றார்.

"அது மேல தப்பு இருக்குன்னு தெரியாம எப்படிண்ணே தூக்கிப் போடுறது" என்றார் மாமா. கைமுட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது, குரல் மட்டும் உயரவில்லை. இவ்வளவு பொறுமையான ஆம்பிளையை எங்கள் வீட்டில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வண்டி வழக்கம்போல் நின்றது. மாமா எதற்கோ பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க். மாமா அப்படியே நின்றார். பிறகு மூடியைத் திறந்தபடியே வைத்துக் கிளப்பினார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கால் மணி நேரம். மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. வண்டி நிற்கவே இல்லை.

"பெட்ரோல் கொறையக் கொறைய உள்ள காத்து வரணும் மச்சான். வரல. மூச்சு முட்டிதான் நின்னுருக்கு" என்று அப்பாவிடம் சொன்னார்.

டேங்கிலிருந்து கிளம்பிய ஒரு மெல்லிய குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். அது பக்கவாட்டிலிருந்த அந்தச் சின்ன வட்டத்தில் போய் முடிந்தது. அம்மாவிடம் ஊக்கு வாங்கிக் குத்தினார். பழுப்பாக, கெட்டியாக ஏதோ உதிர்ந்தது. அதை விரலில் நசுக்கினார், முகர்ந்தார். ஒரு கணம் வாசலைச் சுற்றிப் பார்த்தார். நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

"என்ன மாப்ள அது?"

"தூசி மச்சான். அரியலூர் ரோட்டுல வந்தோம்ல, சிமெண்ட் லாரி தூசி."

சுவரிலும் 'தூசி' என்றே எழுதினார். அப்பா அன்று அரியலூர் லாரிகளைத் திட்ட ஆரம்பித்தவர்தான், இன்றுவரை அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலை இறக்கிவிட்டுத் திட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஏரியில் இறக்குமுன் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, சந்தனம் கொண்டாந்தியா?"

"அன்னைக்கி வச்ச எடத்துலயே வைக்கட்டுமா மாமா?"

"வேணாம். இங்க வை" என்று வண்டியின் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "இங்க வச்சாதான் சாமிக்கு நல்லா தெரியும்."

நான் வைத்தேன். மாமா ஏரியை மூன்று சுற்று சுற்றினார். கடைசிச் சுற்றில் தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி பீரோவிலிருந்து இறங்கியது. என் பொட்டுதான் மாமாவை ஊரில் நிறுத்தியது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதே பொட்டுதான் அவரைப் பரிசலில் இழுபட்டு வர வைத்து, விமானம் ஏறும் நிலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது என்பதோ, சிமெண்ட் தூசியை யாரும் முகர்ந்து கண்டுபிடிப்பதில்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. சாமி வண்டியின் எந்தப் பக்கமிருந்து பார்க்கும் என்பதுகூட மாமாவுக்குத் தெரிந்திருக்கிறதே என்று மட்டும்தான் அன்று ஆச்சரியப்பட்டேன்.