கெல்லரில் இருந்த வெடிமருந்து

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் புவனேந்திரன், மயிரிழை பிசகிய இரும்பையும் கழித்து எறிந்துவிடுவார். சோதனை எழுதி வேட்டை உரிமம் எடுத்தபோது ஒரு பழைய துவக்கு வாங்கினார். அது வம்பு பிடித்த துவக்கு. கடைத் தோட்டா எதைப் போட்டாலும் ஐந்து வெடியும் ஐந்து பக்கம் போகும்.

ஒரு நவம்பரில் அவர் வைத்த வெடி பிசகி, மான் ஒன்று பின்தொடையில் சூடுபட்டு ஓடியது. நாயோடு ஆறு மணித்தியாலம் தேடினார்கள். கண்டுபிடித்தபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது. அன்றோடு கடைத் தோட்டாவை விட்டார். வெடிமருந்து வைத்திருக்கப் படித்து அனுமதி எடுத்தார். வீட்டின் கீழே கெல்லரில், அந்த நிலவறையில், மேசை போட்டு, மருந்தை நிறுத்து, வெற்றுத் தோட்டாக் கோதின் வாயில் ரவைக் குண்டை அமர்த்தி, தானே தோட்டா செய்தார். ரவை எவ்வளவு ஆழம் இறங்கினால் அந்தத் துவக்குக்குப் பிடிக்கும் என்று காண இரண்டு வருடம் போனது. பிறகு இலக்கு அட்டையில் விழுந்த ஐந்து ஓட்டைகளையும் ஒரு காசால் மூடலாம்.

மனைவி யோகத்தின் தம்பி ஸ்ரீதரன் ஒருநாள் பெரிய சட்டி எடுக்கக் கெல்லருக்கு இறங்கினான். மேசையையும் படிக்குக் கீழே இருந்த மருந்து அலுமாரியையும் கண்டு, சட்டியை எடுக்காமலே மேலே ஏறி வந்தான்.

"அத்தான், இதை வீட்டை விட்டு எடுங்கோ. நான் இனி இஞ்சை நிக்க ஏலாது."

"உனக்கு விசரே?" என்று புவனேந்திரன் சிரித்தார்.

மூன்று கிழமையில் இரண்டு பொலிஸ்காரர் வந்து நின்றார்கள். பூட்டு, மருந்தின் நிறை, தோட்டாக் கணக்கு எல்லாம் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. முறைப்பாடு வந்ததாம், படிக்குக் கீழே சாம்பல் நிற அலுமாரி என்று அதில் எழுதியிருந்ததாம். வெளியாட்களில் அந்த அலுமாரியைக் கண்டவன் ஸ்ரீதரன் ஒருவன்தான்.

புவனேந்திரன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவன் வீட்டுக்குள் போனார்.

"நீதானே எழுதினனி?"

"ஓம். நான்தான்." ஸ்ரீதரன் இடக்கையை மேசையில் வைத்தான். பதினாலு வயதில், ஊரில் போர் நடந்தபோது, வீட்டு வளவில் கிடந்த ஏதோ ஒன்று வெடித்து, இரண்டு விரல் போன கை. "என்ரை அக்கா அதுக்கு மேலை படுத்து நித்திரை கொள்ளுறா."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே. பொலிஸைப் பிடிச்சு வீட்டை அனுப்புவியோ?"

"சொன்னனான். நீங்கள் சிரிச்சனியள்."

புவனேந்திரனுக்கு அது சுட்டது. சுட்டதால் கோபம் இரட்டித்தது. "இனி என்ரை வாசல் மிதியாதை," என்று கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தார்.

யோகம் அவரோடு பேச்சை நிறுத்தினாள். பத்தாம் நாள் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தபடி கேட்டாள்: "ஒரு இரும்புக்கு என்ன பிடிக்குமெண்டு ரெண்டு வருஷம் மினக்கெட்டியள். என்ரை தம்பி ஏன் பயப்பிடுறான் எண்டு ஒரு நாள் கேட்டியளோ?"

அவர் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சித்திரையில் மகள் நிருஷாவின் கலியாணம். தம்பிக்கு யோகம் எழுதிவைத்த அழைப்பிதழை அவர் அவள் கண்முன்னாலேயே கிழித்தார். தாய்மாமன் செய்யவேண்டியதைத் தூரத்து உறவான நவரத்தினம் செய்தார். தம்பி வராததற்குச் சனம் காரணம் கேட்டது. "வேலை," என்றாள் யோகம். படம் எடுக்கும்போது கணவரிடமிருந்து ஓரடி தள்ளியே நின்றாள்.

அடுத்த கிழமை புவனேந்திரன் காட்டுக்குப் போய் ஒரு பன்றியை ஒரே வெடியில் விழுத்தினார். அது ஓரடிகூட ஓடவில்லை. இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். யோகம் சமைக்க மறுத்துவிட்டாள்.