ஹோர்னுக்குப் பதிலாக ஒரு பாட்டு

எத்தனையோ மெக்கானிக் பாஸ்மாரிடம் தப்பிப் பிழைத்த என் பழைய காருக்கு ரேடியோ செட் பூட்டிய நானா மதுரங்குளிச் சந்தியில் இருந்தார். வயரைப் பல்லால்தான் உரிப்பார். சுவரில் மூன்று குறடுகள் அலங்காரத்துக்குத் தொங்கின. பூட்டி முடித்ததும் பாட்டுக் கேட்டது, ஹோர்ன் செத்துவிட்டது. காரில் மீன் விற்கிற எனக்கு ஹோர்ன்தான் வாய்.

"நானா, ஹோர்ன் அடிக்குதில்லையே!"

"ஹோர்ன் என்னத்துக்கு ஐயா? பாட்டக் கூட்டி வைங்க, சனம் தன்னால வரும்."

மறுநாள் வண்ணாத்திவில்லில் கூட்டி வைத்தேன். சனம் ஓடித்தான் வந்தது. எங்கள் பக்கம் பாட்டுப் போட்டு வருவது பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ அல்லவா?

"பாண் எங்க?"

"பாண் இல்லப் பிள்ளை, சூடை மீன் இருக்கு."

சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். பெட்டி காலி.

ஹோர்னைத் திருத்த நான் இன்னும் போகவில்லை. போனால், அந்தப் பல்லில் அடுத்து எது அகப்படுமோ?