நான் இல்லாதபோது ஓடிய புரோகிராம்

நாம் இல்லாமலே நம் வேலை நடந்துவிட்டால், பெருமைப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சோமனூர் பக்கம் ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். சம்பளக் கணக்குப் புரோகிராம் நான் எழுதியது. எங்கள் சீனியர் தன் புரோகிராம்களில் ஒவ்வொரு தொகைக்கும் ஏ1, ஏ2 என்றே பெயர் வைப்பார். எது என்னவென்று அவருக்கு மட்டுமே தெரியும். நானோ தினக்கூலி, முன்பணம், பிடித்தம் என்று ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்களாகவே வைத்தேன்.

"இத்தனை தெளிவா எழுதிப்போட்டா நாளைக்கு உங்களை யாரு அம்மணி தேடுவாங்க?" என்று அவர் சிரித்தார்.

மகள் பிறந்து விடுப்பில் இருந்தபோது அந்தப் பேச்சுதான் மனதை அரித்தது. சம்பளத்துக்கு முந்தின நாள், எனக்குப் பின் வேலைக்குச் சேர்ந்த ரஹ்மத் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தாள். குழந்தையோடு ஓடினேன்.

"அக்கா, தீபாவளிக்காக இந்த மாசம் முன்பணம் பிடிக்க வேண்டாம்னுட்டாங்க."

"இரு, ஆட்டோ பிடிச்சு வாரேன்."

"வேண்டாமுங்க. பேரைப் படிச்சுக்கிட்டே போனேன், இடம் தெரிஞ்சுது, மாத்திப்போட்டேன். பாப்பா தூங்குதுங்களா?"

இனி நான் தேவையில்லையோ என்று முதலில் பயந்தேன். பிறகு, நான் வைத்த பெயர்களே அவளுக்கு வழி சொல்லியிருக்கின்றன என்று நினைத்தபோது, குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

விடுப்பு முடிந்து போனதும், எல்லாப் புரோகிராம்களிலும் இப்படியே பெயர் மாற்றும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்துவிட்டார். ஏ1 எது என்று சீனியரிடம்தான் நான் கேட்க வேண்டும். நான் பட்ட அதே பயம் அவருக்கும் வருமே. மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.