சூரிய மீன் தோண்டிய குழி

போன வாரம் ஒரு சாயங்காலம் கரண்ட் வந்தது. கரண்ட் வந்தால் எங்கள் பசுந்தாங் தெருவில் எல்லா மாடியிலிருந்தும் "மீ லாபீ" என்று ஒரு சத்தம் கிளம்பும். விளக்கு வந்துவிட்டது என்று பர்மாக்காரர்கள் சொல்வது. எந்தச் சாதி, எந்தச் சாமி என்று இல்லை, எல்லாரும் அப்படித்தான் கத்துவோம். எங்கள் வீட்டு மீன்தொட்டியின் மேல் இருக்கிற குழல்விளக்கும் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை. மீனும் இல்லை. சரளை மட்டும் கிடக்கிறது. அதன் நடுவில் ஒரு குழி. சோற்றுத் தட்டு அகலம் இருக்கும். ஓரமெல்லாம் கையால் வழித்துவிட்ட மாதிரி வட்டமாக இருக்கும். கை எதுவும் படவில்லை. ஒரு மீன் வாலால் தோண்டியது. அந்தக் குழியைச் சொன்னால் என் மாமியாரைச் சொல்ல வேண்டும்.

மாமியாரின் அப்பா தமிழர், நெல் ஆலையில் வேலை பார்த்தவர். அம்மா த்வாண்டேப் பக்கத்துப் பர்மியப் பெண். வீட்டில் புத்தர் மாடத்துக்குப் பக்கத்திலேயே முருகன் படமும் இருக்கும், இரண்டுக்கும் ஒரே ஊதுவத்தி. மாமியார் எங்களோடுதான் இருந்தார், தாமுவே சந்தையில் கருவாடு விற்றார். குரல் சந்தையில் பழகிய குரல். வீட்டில் பேசினாலும் தெருவில் கேட்கும். நான் பட்டறையில் கண்ணாடி அறுக்கிறவன். எனக்குப் பேச்சு கம்மி. கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரியிடம், "உன் புருஷன் வாயைப் பட்டறையில வச்சிட்டு வந்துட்டாரா?" என்று கேட்டாராம். அவருக்கு நான் மாப்பிள்ளை, எனக்கு அவர் அத்தை. அவ்வளவுதான் எங்கள் பேச்சு ரொம்ப நாளைக்கு.

மீனைக் கொண்டுவந்தது மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி. கப்பலில் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தடவை ஜப்பானிலிருந்து ஊர் வந்தான். மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடியேறினான். உள்ளே என் விரல் நீளத்துக்கு ஒரு மீன். சாம்பல் நிறம். எங்கள் வாய்க்காலில் கிடக்கிற பொடி மீன் கூட அதைவிட அழகாக இருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்து ஏரியில் தூண்டில் போட்ட ஒருவர் கொடுத்தாராம். வழி முழுக்கத் தன் கட்டிலுக்குக் கீழே வாளியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான்.

"இதுக்குப் பேரு சூரிய மீன், மச்சான். பூர்வீகம் அமெரிக்காவாம், யாரோ ஜப்பானுக்குக் கொண்டாந்து விட்டாங்களாம். இப்ப பாத்து ஏமாந்துடாதீங்க. வளந்தா வயிறு விடியக்காலைச் சூரியன் மாதிரி ஆகும்."

அத்தை எட்டிப் பார்த்தார். "ஜப்பானுக்குப் போனவன் ரேடியோ கொண்டாருவான், துணி கொண்டாருவான். இவன் குழம்புக்குக் கூடக் காணாத மீனைக் கொண்டாந்திருக்கான்" என்றார்.

அவன் கப்பலுக்குத் திரும்பும்போது மீனை என்னிடம் விட்டுப்போனான். நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க என்றான். பட்டறையில் கடை அலமாரிக்கு அறுத்து மிஞ்சிய கண்ணாடி கிடந்தது. முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்து பசை வைத்து ஒட்டினேன். எவ்வளவோ பேருக்குக் கண்ணாடி அறுத்திருக்கிறேன். என் வீட்டுக்கென்று செய்தது அதுதான் முதல். தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுக் கூட ஒழுகாமல் நின்றதை விளிம்பெல்லாம் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். மீனை விட்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தது.

துணைக்கு என்று இரண்டு தங்க மீன் வாங்கி விட்டேன். பொழுது சாய்வதற்குள் இரண்டின் வாலையும் கடித்துக் குதறிவிட்டது. அவற்றை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அது தனி ஆள்தான். தனியாக இருந்ததாலோ என்னவோ எங்களையே கூட்டாளியாக எடுத்துக்கொண்டது. நான் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் முன்பக்கம் வந்து நிற்கும். மண்புழுவை விரலில் பிடித்தால் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிப் பிடுங்கும். அந்த இழுப்பு விரலில் தெரியும். பகலெல்லாம் அந்த இழுப்புக்காகவே காத்திருப்பேன்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ஆயுசுக்கும் செத்த மீனோடதான் எனக்குப் பழக்கம். உசுரோட இருக்கிறதைப் பெட்டியில அடைக்கிறது பாவம், மாப்பிள்ளை" என்பார். வருஷப் பிறப்பு அன்று மீனை வாங்கி ஆற்றில் விடுவது இந்த ஊர் வழக்கம். பிடிபட்ட உயிரை விடுவித்தால் புண்ணியம். கருவாடு விற்கிற பாவத்துக்கு அத்தை ஒரு வருஷம் கூட அதைத் தவறவிட்டதில்லை. ஆனாலும் கரண்ட் போனால் தொட்டியில் காற்று விடுகிற மோட்டார் நின்றுவிடும். நான் பட்டறையில் இருக்கும்போது அவர்தான் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றித் தண்ணீரைக் கலக்குவார். திட்டிக்கொண்டே ஊற்றுவார். என் வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு கோடை போயிற்று. மூன்றாவது கோடையில் ஒருநாள் காலையில் பார்க்கிறேன், மீனின் வயிற்றில் காவி ஏறியிருக்கிறது. நாளாக ஆக அது செம்மஞ்சள் ஆனது. செவுளோரம் நீலம். காதுப் பக்கம் மை வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. மச்சான் சொன்னது சொன்னபடி. எனக்கு நிலைகொள்ளவில்லை. ஒருவர் வீட்டுக் கதவையும் தட்டிப் பழகாதவன், மேல் வீடு கீழ் வீடு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கீழே டீக்கடை வைத்திருக்கிற பாய் கூட மூச்சு வாங்க மாடியேறி வந்து பார்த்தார். "தம்பி, இதப் பாக்க ஏறினதுக்குக் கால் வலி தெரியல" என்றார்.

அத்தை மட்டும் பக்கத்தில் வரவில்லை. மச்சானிடமிருந்து சேதி நின்று போயிருந்தது. மழைக்காலம் முடிந்து ஒரு தடவை பேசினான், அவ்வளவுதான். எங்கள் மாடியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும், மேல் முனையில் மணி. கீழே வருகிறவர்கள் அதை இழுத்துக் கூப்பிடுவார்கள். பாய் கடையில்தான் போன். எங்களுக்கு அழைப்பு வந்தால் பாயும் அந்தக் கயிற்றைத்தான் இழுப்பார். மணி அடிக்கும்போதெல்லாம் அத்தை கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். காய்காரனாக இருக்கும். மச்சானைக் கப்பலில் சேர்த்த ஏஜெண்டிடம் போய்க் கேட்டோம். கப்பல் எங்கே நிற்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் மீன் குழி தோண்ட ஆரம்பித்தது. செங்குத்தாக நின்றுகொண்டு வாலால் விசிறும். சரளை பறக்கும். கண்ணாடியில் டிக் டிக் என்று பட்டுத் தெறிக்கும். வாயால் ஒரு கல்லைக் கவ்விக் கொண்டுபோய் ஓரத்தில் துப்பும். நான் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என் பின்னால் வந்து நின்றதே தெரியாது.

"எதுக்கு மாப்பிள்ளை குழி தோண்டுது?"

எனக்குத் தெரியவில்லை. "சும்மா" என்றேன்.

"வீட்டுக்குள்ள யாராவது சும்மா குழி தோண்டுவாங்களா?" குரல் இறங்கியிருந்தது. அத்தையின் குரல் இறங்கி அன்றைக்குத்தான் கேட்டேன். கடலில் இருக்கிற மகன், அவன் கொடுத்த மீன், அது தோண்டுகிற குழி. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் காலையில் அகப்பைக் காம்பை விட்டுக் குழியை நிரவினார். சாயங்காலத்துக்குள் மீன் மறுபடி தோண்டியது. அவர் நிரவினார். அது தோண்டியது. முன்னைவிட ஆழமாகத் தோண்டியது. திஞ்சான் நெருங்கியது. அதுதான் இந்த ஊரில் வருஷப் பிறப்புக்கு முன்னால் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற திருவிழா.

"வருஷப் பிறப்பு அன்னைக்கு இதையே விட்டுடுறேன். அவன் கொண்டாந்த உசுரு. இதை விட்டா அவன் உசுரு திரும்பி வரும்" என்றார்.

எனக்கு மீன் வேண்டும். ஆனால் பிள்ளையைக் காணாத தாயிடம் என்ன சொல்வது? மிச்ச நாளெல்லாம் தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

வருஷப் பிறப்பு அன்று காலையில் தண்ணீர் எடுக்கக் கீழே போனேன். திரும்பி வந்தால் அத்தை இல்லை. தொட்டியில் மீன் இல்லை. குழி மட்டும் இருந்தது. வாளியை வைக்கவில்லை, மணி அடித்தது. அடித்த அடியில் கயிறு அறுந்துவிடும் போலிருந்தது. எட்டிப் பார்த்தால் பாய்.

"தம்பி, மச்சான் லைன்ல. ஓடியா."

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போனில் இரைச்சல். இரைச்சலுக்குள் அவன் குரல். கப்பல் ஏதோ ஒரு துறையில் மாதக்கணக்காகக் கட்டிக் கிடந்ததாம், கரைக்கு விடவில்லையாம். இப்போதுதான் விட்டார்களாம். அம்மா எங்கே என்று கேட்டான். பிறகு, மீன் இருக்கிறதா என்றான்.

"இருக்கு. நிறம் வந்திடுச்சு. குழி தோண்டுது."

அவன் சிரித்தான். "ஐயோ மச்சான், ஆம்பளை மீன் அது. அது குழி இல்ல, வீடு. பொண்டாட்டிக்கு வீடு கட்டுது. அந்த ஏரியில ஒவ்வொரு ஆம்பளையும் அப்படித்தான் கட்டிட்டு உக்காந்திருக்கும்."

"இரு. வை. மறுபடி கூப்பிடு" என்றேன். போனைப் பாயிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

லுங்கியை மடித்துக் கட்டியது நினைவிருக்கிறது. ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது. நேற்றுவரை தண்ணீர் பீய்ச்சிய மேடைகளைத் தெருவில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில்களைத் தாண்டித் தாண்டி ஓடினேன். என் வயசுக்கு அப்படி ஓடியதே இல்லை. பயமும் சந்தோஷமும் ஒன்றாகத் துரத்தின. பசுந்தாங் ஓடைத் துறையில் கூட்டம். எல்லார் கையிலும் சட்டியும் பையும். படியில் அத்தையின் குரல் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

த்வாண்டேயில் செய்த புது மண்சட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஓடையில் படகில் நின்ற இரண்டு வலைக்காரர்களோடு பர்மியப் பேச்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சந்தையில் வாங்கி வந்த கெளுத்திகளை முதலில் விட்டிருக்கிறார். விட்டதைக் கொஞ்சம் தள்ளி அவர்கள் வலையில் அள்ளிவிட்டார்கள்.

"நான் விட்டதை என் கண்ணு முன்னாலேயே பிடிக்கிறியேடா, வெக்கமா இல்லையா?"

"விடறது உங்க புண்ணியம், அமே. பிடிக்கிறது எங்க வயிறு. அந்தச் சட்டியில என்ன இருக்கு, அதையும் விடுங்க" என்றான் ஒருவன். அமே என்றால் அம்மா. படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நீ கிளம்பற வரைக்கும் விட மாட்டேன். பொழுது போனாலும் உக்காந்திருப்பேன்." என்னைப் பார்த்தார். "கெளுத்திக்குச் சேறு தெரியும், ஒளிஞ்சுக்கும் மாப்பிள்ளை. இது எங்க போய் ஒளியும்? இதுக்கு இங்க யாரைத் தெரியும்?"

எனக்கு மூச்சு வாங்கியது. "பேசிட்டான், அத்தை. நல்லா இருக்கான். அது குழி இல்ல. வீடு. பொண்டாட்டிக்கு வீடு கட்டுது. மறுபடி கூப்பிடுவான். வாங்க." அவரிடம் அதற்கு முன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. "யாரு பேசினான்?" என்றார். சொன்னேன். "நீயா பேசினே? உன் காதாலயா கேட்டே?" சொன்னேன். சட்டிக்குள் பார்த்தார். செம்மஞ்சள் வயிறு ஒரு தடவை திரும்பியது. பிறகு சட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "நல்லா பிடிங்கடா, எனக்கென்ன" என்று வலைக்காரர்களிடம் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். நான் ஓடித்தான் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

போன் மறுபடி வந்தது. சட்டியைப் பாய் கடை மேசையில் வைத்துவிட்டுப் பேசினார். "மீனா? இருக்கு. உன்னைவிட நல்லா இருக்கு. அது வீடு கட்டிட்டு பொண்டாட்டிக்குக் காத்திருக்கு, நீ எப்படா கட்டப் போறே?" தெரு முழுக்கக் கேட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதை முந்தானையால் துடைத்துக்கொண்டே திட்டினார். பாய் அன்றைக்கு அடுப்பு மூட்டி எல்லாருக்கும் டீ போட்டார்.

மச்சான் வந்தான். அவனுக்குக் கல்யாணமும் ஆயிற்று. மீன் ஒவ்வொரு கோடையிலும் குழி தோண்டியது. பெண் மீன் எதுவும் வரவில்லை, எங்கிருந்து வரும்? அத்தை அகப்பையை அப்புறம் எடுக்கவில்லை. ஓரச் சரளை சரிந்தால், "அங்க ஒழுங்கா இல்ல பாரு" என்று கண்ணாடியைத் தட்டி மீனிடமே சொல்வார். எல்லா வருஷமும் அதே கோபம், அதே வேகம் அந்த வாலுக்கு. கடைசிக் கோடையில் கூட அது முழுசாகத் தோண்டி முடித்து, குழி மேலேயே நின்று காவல் காத்துவிட்டுத்தான் போனது.

அடுத்த மழையில் அத்தை போனார். மயானத்தில் வெட்டியிருந்த குழிக்குப் பக்கத்தில் மச்சானும் நானும் நின்றோம். அவன் குனிந்து, ஓரத்தில் சரிந்திருந்த மண்ணைக் கையால் வழித்துவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் இன்னொரு பக்கம் வழித்துவிட்டேன்.

தொட்டியை எடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரி சில சமயம் சொல்வாள். கண்ணாடியைத் துடைப்பாள், சரளையில் கை வைக்க மாட்டாள். விளக்கின் ஒயரை நான் கழற்றவில்லை. போன வாரமும் தெரு "மீ லாபீ" என்று கத்தியது. நானும் கத்தினேன். குழல்விளக்கு சிமிட்டி எரிந்தது. குழி வெளிச்சத்தில் நிறைந்தது. செருப்பைக் கழற்றிய கையோடு, விரலை நீட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.