எல்லாப் போனுக்கும் ஒரே முகவரி

மன்னிக்கவும், நான் இந்தக் குழுவில் வழக்கமாக எழுதுகிறவள் இல்லை. ஷாதிபூர் டிக்கெட் கடையில் இன்று நடந்த அடிதடியை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடையின் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் நான்.

கட்சால் தீவுக்குப் போகும் கப்பலின் டிக்கெட்டை எங்கள் தளத்தில் அவரவர் போனிலேயே எடுக்க வேண்டும். வாசலில் நின்ற யாருக்கும் தளம் திறக்கவில்லை. உள்ளே, தனி லைனில் ஓடும் எங்கள் திரையில் திறந்தது.

ஒருவர் அதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டார்.

"உள்ளே சல்தா, எங்களுக்கு மட்டும் பந்த்-ஆ? யாருக்குடா சீட்டை ஒளிக்கிறீங்க?"

"பாய், சர்வர் பிராப்ளம்," என்றான் கவுண்டரில் இருந்த சுபீர்.

கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாற்காலி வந்தது. பின்னாலேயே அவர். சுபீரின் மூக்கில் விழுந்த குத்தில் கீபோர்டெல்லாம் ரத்தம்.

"எங்கப்பா செத்துக் கிடக்காருடா! இந்தக் கப்பலை விட்டா மண்ணு போட முடியாது!"

மறுபடியும் குத்தினார்.

நான் லேப்டாப்போடு மேசைக்கு அடியில் இருந்தேன். ஒரே இணைய முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் தாக்குதல் என்று பூட்டச்சொல்லி, தளத்தைக் காக்கும் ஃபயர்வாலில் நேற்று எழுதியது நான்தான். ஆனால் இங்கே ஊர்ப் போன்கள் எல்லாம் ஒரே முகவரியில்தான் வெளியே போகின்றன. வரிசை மொத்தத்தையும் அது ஒரே எதிரியாக எண்ணிவிட்டது.

தடையை எடுத்தேன். "இப்பப் பாருங்கண்ணா."

ரத்தக் கையோடு டிக்கெட் எடுத்தார். "ஜானே தோ, போகட்டும் விடுங்க," என்றான் சுபீர், மூக்கைப் பொத்தியபடி.

நாற்காலிக்கு மட்டும் எந்த ஃபயர்வாலும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கவேண்டும். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். அவர் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார். அவருக்கு முன்னால் அது கட்சால் போய்ச் சேரக் கூடாது.