அம்மா கேட்டது பெட்ரோல் வண்டி

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மாவின் அருங்குணங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மாமா கேட்டார். "பொறுமையே வடிவானவங்கன்னு ஆரம்பிச்சுடும்மா, நல்லா இருக்கும்" என்றும் சொன்னார். அப்படி ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் பொறுமை நம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அம்மா பாப்பாரப்பட்டியில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கிராம சுகாதார செவிலியராக வேலையில் சேர்ந்து, அதியமான்கோட்டையில் வாழ்க்கைப்பட்டார். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காலமானார். அடுத்த ஆண்டே அம்மாவுக்குச் சித்தேரி மலைக்கு மாற்றல் வந்தது. அரூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் போய் வந்தார். ஓய்வு பெற்றதும் ஒரு சின்ன கார் வாங்கி, தானே ஓட்டி அந்த மலையில் ஏற வேண்டும் என்ற ஆசை அந்தப் பஸ்ஸில்தான் வந்தது. அம்மா தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற மாதமே கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தார். பழைய வண்டி போதும் என்று, நெடுஞ்சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாயிடம் யோசனை கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"எவ்வளவு ஓட்டுவீங்க நர்சம்மா?"

"கடைக்கு, பேங்குக்கு, தங்கச்சி வூட்டுக்கு. எப்பவாச்சும் மலைக்கு."

"அப்ப பெட்ரோல் எடுத்துக்குங்க. தினமும் ஓடுற வண்டிக்குத்தாங்க டீசல். நிக்கிற வண்டிக்குப் பெட்ரோல். பழைய டீசல்ல பம்பு போச்சுன்னா, லிட்டருக்கு லிட்டர் மிச்சம் பண்ணதெல்லாம் அதுலயே போயிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் சித்தப்பாவும் வந்து, அம்மா வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் வண்டியைத் தீர்மானித்தார்கள்.

"பாய் கெடக்கறாரு, விடுக்கா. டீசல்தான் மைலேஜ்" என்றார் மாமா.

"டீசல்னா இழுவை இருக்கும் அண்ணி. ஏழு பேர் ஏறினாலும் தாங்கும்" என்றார் சித்தப்பா.

"ஏழு பேர் எதுக்குப்பா ஏறணும்? நான் ஒருத்திதானே போறேன்" என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். ஓசூரிலிருந்து வந்திருந்த நானும் சிரித்தேன். "மாமா சொல்றது சரிதாம்மா" என்றும் சொன்னேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது. டீசல் வண்டியே வந்தது.

இரவல் வாங்கிப் போகிறவர் எண்ணெய் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது நம் உறவுக்குள் வழக்கம். வண்டி அம்மாவுடையது, ரிப்பேரும் அம்மாவுடையது, எண்ணெய் மட்டும் உங்களுடையது. அந்த எண்ணெய் விலை குறைந்ததாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். நான்கு ஆண்டுகள் அந்த வண்டி உங்கள் நிச்சயதார்த்தங்களுக்கும் வளைகாப்புகளுக்கும் திருப்பதிக்கும் ஓடியது. அம்மா ஓட்டியது பத்துத் தடவைக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு தடவையும், நீங்கள் கால் நீட்டுவதற்காகப் பின்னால் தள்ளியிருந்த சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

பிறகு சித்தேரியில் ஒரு கல்யாணம் வந்தது. அம்மா பிரசவம் பார்த்துப் பிறந்த பெண்ணுக்கு. "நர்சம்மா வராம தாலி கட்ட மாட்டோம்" என்று பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் வண்டி கிடையாது என்று அம்மா ஒரு வாரம் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மாமா வந்தார். "ஓசூர் வரைக்கும்தாங்கா, சாயந்தரம் வந்துடும்."

சொன்னபடி சாயந்தரம் வந்தது, எண்ணெயும் போட்டு வந்தது. மாமா பங்க்கில் போனைக் காதில் வைத்தபடியே "எண்ணெய் ஊத்துப்பா" என்றிருக்கிறார். நம் ஊரில் டீசலும் எண்ணெய்தான், பெட்ரோலும் எண்ணெய்தான். பங்க்கில் இருந்தவர் சின்ன காரைப் பார்த்துப் பெட்ரோலை ஊற்றிவிட்டார். டீசல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவருக்கு, தான் ஓட்டி வந்தது டீசல் வண்டி என்பது நினைவில்லை.

மறுநாள் மொரப்பூர் வரைகூட வண்டி போகவில்லை. தடதடவென்று அடித்து நின்றுவிட்டது. பட்டுப்புடவையோடு அம்மா மதியம் வரை ரோட்டோரம் நின்றார். மலைக்குப் போகும் காலை பஸ்ஸும் போய்விட்டது. நான் போன் செய்தபோது, "முகூர்த்தம் முடிஞ்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். மாமாவோ, "பங்க்காரன் தப்புக்கா. நீயும் எடுக்கறப்பவே சத்தத்தக் கவனிச்சிருக்கணும்" என்றார்.

அம்மா சண்டை போடவில்லை. வண்டியைச் சரிசெய்து விற்றார். பாய் தேடித் தந்த பழைய பெட்ரோல் கார் ஒன்றை, யாரையும் கேட்காமல், எனக்கும் சொல்லாமல் வாங்கினார். மருந்துப் புட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிப் பழகியவர் அல்லவா, டேங்க் மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, "எண்ணெய் என்று சொல்லாதே. பெட்ரோல்" என்று எழுதினார். அடுத்த வாரமே மாமா சாவி கேட்டு வந்தார்.

"இது பெட்ரோல்பா. உனக்குக் கட்டுப்படியாவாது" என்றார் அம்மா.

எனக்குத் தெரிந்து அம்மா அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று மாதங்களில் நான்கு முறை சித்தேரிக்கு ஓட்டிப் போனார். பிறகு கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். நாள் அதிகமில்லை என்பது அம்மாவுக்கு மருத்துவர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனைக்கு நான்தான் அந்த வண்டியில் அழைத்துப் போவேன். கால் இடிக்கிறதே என்று சீட்டை நகர்த்தப் போனால், "தள்ளாதம்மா. எனக்கு வெச்ச அளவு, இருக்கட்டும்" என்பார். முழங்காலை மடக்கிக்கொண்டே ஓட்டினேன். டீசல் வண்டி இருந்தது நான்கு வருடம், அம்மா தன் வண்டியை ஓட்டியது மூன்று மாதம். அந்த நான்கு வருடத்தை நாம் எல்லோரும் சேர்ந்துதான் எடுத்துக்கொண்டோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் உண்டு. முதலிலேயே சரியாகச் சொன்ன மெக்கானிக் பாய்க்கு நன்றி. இரண்டு பஸ் மாறி வந்து, கடைசி ஒன்பது நாளும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய சித்தேரிக் கல்யாணப் பெண்ணுக்கு நன்றி. பால் தெளித்துவிட்டு வந்த அன்றே "அந்த வண்டி சும்மாதானே நிக்குது" என்று கேட்ட மாமாவுக்கும் நன்றி, இந்தக் கட்டுரையை மனதில் அப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன்.

வண்டி வாசலில் நிற்கிறது. சீட் அம்மாவின் அளவிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை நான் ஓசூரிலிருந்து வந்து, அதில் மலைக்குப் போய் வருகிறேன். உறவினர்கள் யாரும் சாவி கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பெட்ரோல் வண்டி. உங்களுக்குக் கட்டுப்படியாகாது.