மத்திமம் வரும்வரை

பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆள் சரிபார்க்கும் வழக்கம் எங்கள் பாட்டு சாரிடம் கிடையாது. நாங்கள் ஏழு பெண்கள். ஆளுக்கு ஒரு ஸ்வரம். வண்டியில் ஏறும் முன், சாப்பிட உட்காரும் முன், மேடைக்குப் போகும் முன் அவர் விரலைச் சொடுக்குவார். ச தொடங்கி அவரவர் ஸ்வரத்தை அவரவர் பாட வேண்டும். யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்தில் ஓட்டை விழும். நான் பஞ்சமம். எனக்கு முந்தின மத்திமம், குழுவிலேயே சின்னவள், கிளிஞ்சல்மேட்டுப் பெண். அவள் பாடினால்தான் நான் வாய் திறக்க முடியும். அவளுக்காகக் காத்திருப்பது எனக்குப் பழக்கமாக இருந்தது. பிரான்சுக்குக் கிளம்பின அன்று அது பயமாக மாறியது.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு மறு ஆண்டு அது. பிரான்சில் உள்ள தமிழர் சங்கம் ஒன்று எங்களைப் பாட அழைத்திருந்தது. அவளைக் கூட்டிவரக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா கடலோடு போய்விட்டவர். வீட்டின் கிழக்குச் சுவரும் போயிருந்தது. அங்கே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மகள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ளப் போன சமயம், மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"அவகிட்ட சொல்லிப்புடாதம்மா. கடைசிக் கச்சேரிக்கு என் தங்கச்சி வரும். அது சொல்தா வீட்டுல வாக்கப்பட்டு அங்கயே இருக்குது. புள்ளய அதுகிட்ட வுட்டுட்டு வந்துரு."

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில், அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர்களை இன்னும் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அங்கே குடியுரிமை உண்டு. இந்தப் பெண்ணுக்கு இருந்தது சில நாள் விசா.

"அதெப்படிங்க? விசா முடிஞ்சா போலீஸ் வருமே."

"வரட்டும். போலீசு கதவத் தட்டிட்டுத்தான் உள்ள வரும்."

அவர் பார்வை தார்ப்பாய் மேல் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மகள் திரும்பி வந்துவிட்டாள். கை கழுவாமலே வண்டியேறினேன். விமானத்தில் பார்த்தால் மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

அந்த நாட்டில் எனக்கு எதுவும் கண்ணில் நிற்கவில்லை. பாலம், மணிக்கூண்டு, மஞ்சள் இலை, எல்லாவற்றுக்கும் நடுவே நான் பார்த்ததெல்லாம் அவள் பின்னலைத்தான். எந்தத் தெருமுனையிலும் ஒரு சித்தி நிற்கலாம். விட்டுவிட்டுப் போனால் ஏழு பேரில் ஆறு பேர் எப்படித் திரும்புவது, சாரைப் போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டால்? கூட்டிக்கொண்டு போனால் அந்தச் சுவரில்லாத வீட்டுக்கு. இரண்டு பக்கமும் பயம். நான் நடுவில் ப என்று பாடிக்கொண்டிருந்தேன்.

அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். குளிரில் மூக்கு ஒழுகி ஒத்திகையில் உறிஞ்சினாள்.

"ஏ மத்திமம்! உறிஞ்சுறதையாவது சுருதில உறிஞ்சு" என்றார் சார்.

"குளிர்ல சுருதிப் பெட்டியே தும்முது சார், என்னைய மட்டும் சொல்றீங்க."

தங்கியிருந்த அறையில் நன்றாகத் தூங்கினாள். வாய் திறந்து, கை விரித்து, குழந்தைபோலத் தூக்கம். ஊரில் பயிற்சிக்குச் சிவந்த கண்ணோடு வருகிறவள். அவளைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இவள் இங்கே இருக்கலாம். இருந்துவிடுவாள்.

கடைசிக் கச்சேரி. திரை விலகியதும் முதல் வரிசையில் அந்தச் சித்தியைக் கண்டுபிடித்துவிட்டேன். கிளிஞ்சல்மேட்டு முகம், அதே தாடை. கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தார். மடியில் இன்னொரு கோட்டு, மடித்து, புதிதாக. அன்று என்ன பாடினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டின் பொத்தான்களைப் பார்த்துப் பாடினேன். பக்கத்தில் அவள் குரல் இருக்கிறதா, இருக்கிறதா என்று ஒரு காது மட்டும் உயிரோடு இருந்தது.

முடிந்து வெளியே வந்தோம். வண்டி நின்றது. சார் விரலைச் சொடுக்கினார்.

ச. ரி. க.

ஓட்டை.

தெருவுக்கு எதிர்ப்புறம், ஒரு காரின் திறந்த கதவருகே, சித்தி அவளுக்குக் கோட்டுப் போட்டு விட்டுக்கொண்டிருந்தார். கீழிருந்து மேலாக ஒவ்வொரு பொத்தானாக.

"எங்க போச்சு அது? மறுபடியும்" என்றார் சார்.

ச. ரி. க. கூப்பிடலாம் என்று பார்த்தேன். எந்தப் பக்கம் கூப்பிடுவது? சித்தி அவள் தோளைப் பிடித்துக் காருக்குள் குனிய வைத்தார்.

அங்கிருந்து வந்தது மத்திமம். கொஞ்சம் இறங்கி, அழுகை கலந்து. அடுத்து அவளே வந்தாள், கோட்டோடு, ஓடி.

வண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"முன்னாலயே தெரியுமாடி ஒனக்கு?"

"அம்மா காதுல கெடந்த தோட்டக் கழட்டி எனக்குப் போட்டு வுட்டுச்சுக்கா. பாடிட்டு வர்றதுக்கா தோடு?"

"அப்புறம் ஏன் ஓடியாந்த?"

"இங்க நல்லாத் தூக்கம் வருது. அதான் பயமாப் போச்சு. அம்மா ஒண்டியா அந்தத் தார்ப்பாய்ச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு முழிச்சுக் கெடக்கும்ல."

ஊர் திரும்பிக் கிளிஞ்சல்மேட்டில் வண்டி நின்றபோது அவள் அம்மா வாசலில் வலைத்துண்டு ஒன்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகள் இறங்கினாள். வெயிலில் கையில் கம்பளிக் கோட்டு. அவர் மகளைப் பார்க்கவில்லை. வலையை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா கூட்டியாந்த?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். மகள் தோட்டைக் கழற்றி அம்மா காதில் போட்டு விட்டாள். அவர் தலையைச் சாய்த்துக் காட்டினார். கண் மட்டும் என்மேலேயே இருந்தது.

அடுத்த பயிற்சி நாளில் ஐப்பசிக் காற்று. ஜன்னல் எல்லாம் அடித்துக்கொண்டது. கடல் இரைவது அரசலாற்றைத் தாண்டிக் கேட்டது. சார் விரலைச் சொடுக்கினார். ச. ரி. க.

நான் வாசலைப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பாடினாள். அவள் பாடி முடித்த பிறகும் எனக்குக் குரல் வரவில்லை.